ஏரி நடுவில் கட்டிய ஏரியல்

உத்திரமேரூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஏகாம்பரம் ஓட்டு வீடு, மாடி வீடு, அரிசி மில் என்று எங்கெங்கோ ஏரியல் கட்டியிருக்கிறான். படகில் கட்டச் சொன்னவர் திருப்புலிவனம் தாண்டவராயன் ஒருவர்தான்.

அவர் மகன் பஞ்சாட்சரம் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். கப்பல் புயலில் காணாமல் போயிற்று. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அதுமுதல் தாண்டவராயன் அவன் சேதி ஏதும் வருமா என்று ரேடியோவைத் திருகிக்கொண்டே கிடந்தார். சுற்றிலும் பம்புசெட் மோட்டார்கள், இரைச்சல்தான் வந்தது. எழுபத்தேழாம் வருஷ மழையில் ஏரி நிரம்பியதும், மோட்டார் இரைச்சல் எட்டாத நடுத் தண்ணீருக்குப் போகச் சின்னதாய் ஒரு பாய்மரப் படகு செய்து இறக்கினார்.

"பாய்மரத்து உச்சியில பித்தளைக் கம்பி நட்டா போதாதா?" என்று கேட்டார்.

"அது கிட்டத்து ஸ்டேஷனுக்குத்தான் ஆவும் ஐயா. தூரத்துக்கு நீள ஒயர் வேணும். பாய் திரும்பறப்ப ஒரசாம, உச்சியிலேர்ந்து பின்பக்கத்துக்கு இழுத்துடறேன்."

செம்பு ஒயரின் இரு முனையிலும் பீங்கான் குமிழ் கோத்துக் கட்டினான். எர்த்துக்குச் செப்புத் தகடு ஒன்றைத் தண்ணீரில் தொங்கவிட்டான்.

நடு ஏரியில் ரேடியோவைப் போட்டார்கள். உச்சி வெயில். காற்றில்லாமல் பாய் தொய்ந்து கிடந்தது. இலங்கை ஸ்டேஷன் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டது. தாண்டவராயன் அதைத் தாண்டித் திருகினார். இரைச்சல் அடங்கி ஒரு குரல் வந்தது.

"நைனா, கரை தெரியுதா?"

"தெரியுதுடா. நீ வா," என்றார் அவர், சாதாரணமாக.

"கூட கீறது யாரு?"

ஏகாம்பரம் ரேடியோவை விட்டுப் பின்னால் நகர்ந்தான். அது கேட்கிற பெட்டி. இங்கே பேசுவதை வெளியே அனுப்ப அதில் வழியே கிடையாது.

"நம்ம ஏகாம்பரம்," என்று பதில் சொன்னார் தாண்டவராயன்.

அவன் எர்த் ஒயரைப் பிடுங்கினான். குரல் நின்றது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒயரை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "பயந்துக்காத. உன்னைக் கரையில வுட்டுட்டு வரேன்," என்றார்.

கோடையில் ஏரி வற்றும்வரை அவர் போய்க்கொண்டிருந்தார். சந்தையில் அவர் மனைவி ஆதிலட்சுமி ஏகாம்பரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"உன் கைராசிப்பா. இப்பதான் சோறு துன்றாரு, தூங்கறாரு. அதுல இன்னா பாட்டு கேக்கறாரோ."

"நல்லா இருக்கட்டும்மா," என்றதோடு சரி.

அடுத்த மழைக்குமுன் கடையைக் காலி செய்து வாலாஜாபாத் போனான். மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிப் பிழைத்தான். பிறகு ரேடியோவை அவன் தொடவே இல்லை.