சூசை அண்ணை சொன்ன தூஷணம்

பத்து நாளைக்கு முன்னால் சூசை அண்ணையின் வாயிலிருந்து ஒரு தூஷணம் வந்தது. அதுவும் இங்கிலீஷில்!

சூசை அண்ணை மன்னார்க்காரர். ஷ்லீரன் என்கிற சின்ன நகரத்தில், எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி. தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு முதல் ஆளாகப் போய்க் கதிரை அடுக்குகிற மனுசன். பஸ்காரன் மூஞ்சிக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு போனாலும், "அடுத்தது வரும்தானே" என்பவர். அவர் வாயில் கெட்ட வார்த்தையா?

நடந்ததைச் சொல்கிறேன். அண்ணைக்கு வயிற்றில் வருத்தம். ஸ்கான் எடுத்து, மாதக்கணக்கில் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். அன்றைக்கு முடிவு சொல்கிற நாள். மகள் மெலனி ஒஃபிசுக்கு லீவு போட்டிருந்தாள். தாய் இல்லாத ஒரே பிள்ளை. "நீங்களும் வாங்கோ மாமா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள். போனேன்.

டொக்டர் நல்ல மனுசி. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஜெர்மனில் கதைத்தார். மருந்து பிடிக்கவில்லை. ஈரலுக்கும் பரவிவிட்டது. இனிச் சுகப்படுத்த ஏலாது, நோவைக் குறைக்கலாம்... அவ்வளவுதான். மெலனி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்டுமில்லையப்பா. மருந்தை மாத்தித் தருவினமாம்."

"ஓம் பிள்ளை" என்றார் அண்ணை.

மூலையில் இருந்த எனக்கும் ஜெர்மன் விளங்கும். நான் வாயைத் திறந்தேனா? இல்லை.

இது எங்கள் ஆட்களுக்குப் புதிசா என்ன? இந்த நாட்டில் பிள்ளைகள்தானே எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்! மெலனி எட்டு வயதிலேயே தகப்பனை விசாக் கந்தோருக்குக் கூட்டிப்போனவள். பிள்ளைகள் வடிகட்டித்தான் தருவார்கள். அதைப் பழக்கியதும் நாங்கள்தான் — கொட்டுகிற பனியில் கக்கூஸ் கழுவிவிட்டு, ஊருக்கு ரெலிபோன் எடுத்து, "எனக்கு ஒரு குறையுமில்லை அம்மா" என்றவர்கள்.

மெலனி அடுத்த தவணைக்குத் திகதி எடுக்கப் போனாள். வெளியே நீள வாங்கில் நாங்கள் இருவரும் குந்தியிருந்தோம். அண்ணை தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இனி இவையாலை செய்யக்கூடியது... ஃபக் ஓல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். 'ஒன்றுமே இல்லை' என்பதற்கு இங்கிலீஷ்காரர் வைத்திருக்கும் தூஷணம் அது. இல்லாத ஒன்றைச் சொல்ல எதற்கு ஒரு தூஷணம் என்று நானும் நினைத்ததுண்டு. அண்ணை அதைப் பொறுக்கியது ஜெனீவாவில். வந்த புதிதில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். அங்கே ஓர் ஐரிஷ் சமையல்காரன். ஃபிரிட்ஜில் சாமான் முடிந்திருந்தால், கதவை அடித்துச் சாத்திவிட்டு இதைத்தான் சொல்வானாம்.

"அப்ப உங்களுக்கு ஜெர்மன் விளங்குமோ?"

"முப்பது வருசம் தம்பி! கதைக்கத்தான் வெக்கம். காது செவிடோ? பள்ளிக்கூடத்திலை ரீச்சர் இவளிலை பிழை சொல்லேக்கை, 'நான் கெட்டிக்காரியாம் அப்பா' எண்டுவாள். அண்டைக்கும் விளங்கினதுதான்."

"அவளுக்குச் சொல்லுங்கோ அண்ணை. தனியக் கிடந்து சாகிறாள்."

"எந்த வாயாலை சொல்லுறது?"

"எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னாலை உந்தச் சொல்லையோ!"

"உங்கடை பொம்பிளைப் பிள்ளை ரெயினிலை போனிலை கதைக்கிறதை நான் கேட்டிருக்கிறன். நாளுக்கு நாலு தரம் சொல்லுறாள்."

அண்ணை சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மெலனி எங்கள் கதவைத் தட்டினாள். "மாமா, அப்பா தூஷணம் கதைச்சவர்" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடிக்க அவளால் ஏலவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்?

பிறகுதான் விஷயம் வந்தது. நடக்க ஏலுமாக இருக்கும்போதே ஒருக்கால் ஊரிலுள்ள மடுமாதா கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பது அண்ணையின் ஆசை. கேட்டால் பிள்ளைக்கு விளங்கிவிடுமே என்று அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அவளுக்கும் கூட்டிப்போக ஆசை. 'ஒண்டுமில்லை' என்று சொல்லிவிட்டு எப்படித் திடீரென்று டிக்கெட் போடுவது? ஒரே சமையலறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தவித்திருக்கிறார்கள். இருக்கிற நாளோ கொஞ்சம்.

டிக்கெட் போட்டாயிற்று. அடுத்த புதன்கிழமை போகிறார்கள். திரும்பி வரும்போது அண்ணை எப்படி இருப்பாரோ... தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் காய்ந்து கிடந்தது.

"தம்பி, பிள்ளைக்கு முன்னாலை சொன்ன அந்தச் சொல்லை ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லவேணுமோ?"

"அது வேண்டாம் அண்ணை. அவள் 'ஒண்டுமில்லை' எண்டதுக்கு 'ஓம் பிள்ளை' எண்டியளே, அதைச் சொல்லுங்கோ, போதும்."