சின்னதாகக் கட்டுகிறவர்

மாரிகுப்பம் ரயிலில் தினமும் என் பக்கத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்காருவார். பெங்களூர் வரும்வரை போனில் போக்கர் சீட்டாட்டப் போட்டி; காசில்லாத ஆட்டம்தான்.

"சின்னதா பெட் கட்றான் பாருங்க சார். கைல ஒண்ணும் இல்ல, உட்டுட்டுப் போகவும் மனசு இல்ல. நாம ஏத்திக் கட்டினா பயந்து கவுத்துடுவான்," என்பார். அப்படியே எதிராளி சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுப்பான்.

சாம்பியன் ஸ்டேஷன் தாண்டியதும், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவிக்கு 'சாப்ட்டியா?' என்று மட்டும் அனுப்புவார். பதில் வந்து நான் பார்த்ததில்லை.

"நேர்ல போய்க் கூப்பிடுங்களேன்," என்றேன் ஒருநாள்.

"கூப்ட்டு, வரமாட்டேன்னுட்டா இன்னா சார் பண்றது?"

ஆட்டத்துக்குத் திரும்பினார். எவனோ சின்னதாகக் கட்டியிருந்தான். கையில் ஜெயிக்கிற சீட்டாக இரண்டு ராஜா இருந்தும், அன்று இவர் தம் சீட்டைக் கவிழ்த்து அவனை ஜெயிக்க விட்டார்.