ஒரு பக்கம் மட்டும் அகலமான டிராக்டர்

எங்கள் டிராக்டரின் பின்சக்கரங்களை வெளியே தள்ளி வைத்து அகலப்படுத்த வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். முந்தின வருஷம் சம்பா உழவுக்குப் போகும்போது அது வாய்க்கால் கரையில் இடது பக்கமாகச் சாய்ந்து, என் வீட்டுக்காரரின் இடது காலை முறித்துப் போட்டிருந்தது. நான் கஞ்சித் தூக்கோடு பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகுதான். அது மெதுவாகச் சரிந்து காணாமல் போனது.

கட்டுப் பிரித்து நொண்டி நடக்க ஆரம்பித்த வாரமே மனுஷன் மறுபடி அதில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"இத அகலப்படுத்தாம இனிமே கரை மேல ஏத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

"அகலப்படுத்தறதுன்னா? இது என்ன ரவிக்கையா, தையலப் பிரிச்சு விட?" என்றார்.

கிண்டல் செய்தாரே தவிர, மறுக்கவில்லை. ஏனென்றால் அந்த வருஷம் உழுதே ஆக வேண்டும். நிலம் எங்களுடையது இல்லை. மாமனார் காலத்திலிருந்து பதிவான குத்தகை. ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டியின் கரையையும் மாற்றிக் கட்டிக்கொள்கிற ஒரு மிராசுதார் அதற்குச் சொந்தக்காரர். எங்களை வெளியேற்றத் தாவா மேல் தாவா போட்டுக்கொண்டிருந்தார். கால் முறிந்த வருஷம் வயல் தரிசாகவே கிடந்துவிட்டது. இன்னொரு போகமும் அப்படிப் போட்டால் சாகுபடியைக் கைவிட்டதாகச் சொல்லி நிலத்தை எடுத்துக்கொள்வார் என்று எங்கள் வக்கீல் எச்சரித்திருந்தார். மாடுகளை விற்றுத்தான் இந்தப் பழைய டிராக்டரை வாங்கியிருந்தோம். மிராசுதாருக்குப் பயந்து வேறு யாரும் எங்களுக்கு ஏர் கொண்டுவர மாட்டார்கள்.

கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் கனமான இரும்பு வளையங்கள் இரண்டு கடைந்து கொடுத்தார்கள். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற அந்த வளையத்துக்கு ஸ்பேசர் என்று பெயர். நீளமான போல்ட் போட்டு இறுக்கினார்கள். பக்கத்துக்கு ஒரு சாண் வெளியே தள்ளி, டிராக்டர் காலை விரித்து நிற்கிற பயில்வான் மாதிரி நின்றது. வலங்கைமான் வழியாக ஊர் திரும்பும்போது நான் மட்கார்டில் உட்கார்ந்து வந்தேன். எதிரே வந்த டவுன் பஸ்ஸே கொஞ்சம் ஒதுங்கிப் போனதாக எனக்கு ஞாபகம். அவ்வளவு மிதப்பு.

மறுநாள் காலை அந்த மிதப்பு இரண்டு கற்களுக்கு முன்னால் இறங்கிப்போனது.

எங்கள் வயலுக்குப் போக மிராசுதாரின் மற்ற நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் அவர் வயல், நடுவில் கரை. அந்தக் கரைதான் மாமூல் பாதை. சில வருஷங்களுக்கு முன் அதற்கும் தகராறு வந்து, ஒரு கட்டை வண்டி போகிற அகலம் எங்களுக்குப் பாத்தியதை என்று தாசில்தார் முன்னிலையில் சமரசம் ஆயிற்று. அகலத்தை எப்படி அளப்பது? எங்கள் வண்டியையே ஓட்டி வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மாட்டுக்கு மணி கட்டிப் பெருமையாக ஓட்டினார். வண்டியின் அச்சு முனைகளை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல் நட்டார்கள். ஊரிலேயே சின்ன வண்டி எங்களுடையது. பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கி ஓட்டியிருந்தால் ஒரு முழம் கூடக் கிடைத்திருக்கும். அந்தப் புத்தி அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

பட்டறையில் போல்டை அளந்தோம், வளையத்தை அளந்தோம், வீட்டு வாசலைக்கூட அளந்தோம். கல்லை மறந்துவிட்டோம். முன்பு டிராக்டர் நடுவில் போனால் இரண்டு பக்கமும் முக்கால் சாண் மிச்சம் இருக்கும். இப்போது அது நுழையாது.

மிராசுதாரின் ஏஜெண்ட் அங்கே குடையோடு நின்றிருந்தார். கூட நாலைந்து ஆட்கள்.

"என்ன தங்கச்சி, வண்டி ஊதிப்போச்சு?" என்றார். "தாராளமாப் போங்க. கல்லுல மட்டும் பட்டுடாமப் பாத்துக்குங்க. பட்டுட்டா சமரசத்த மீறினதா ஆயி, பாதையே இல்லன்னு ஆயிடும். இவங்கல்லாம் சாட்சி."

என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். "அவுத்துடலாம். பழையபடியே ஓட்டறேன்" என்றார் மெதுவாக.

"ஓட்டுங்க. நான் தாலிய அவுத்து இந்தக் கல்லுல மாட்டிட்டுப் போறேன்" என்றேன். சாட்சிகளில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொல்வார்கள். எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கரையைப் பார்த்தேன். வலது பக்கம் வயல் கரைக்குச் சமமாகத்தான் இருந்தது. பள்ளம் முழுக்க வாய்க்கால் பக்கம். பட்டறைக்காரரும் நாங்களும் இரண்டு பக்கத்துக்கும் வளையம் போட்டது ஏன் என்று எனக்கே புரியவில்லை.

"சாயறது ஒரு பக்கந்தானே. அந்தப் பக்கம் மட்டும் வளையம் இருக்கட்டும். வலது பக்கம் கழட்டிடுங்க, வலது கல்ல ஒட்டியே போங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். "நொண்டி டிரைவருக்கு நொண்டி வண்டியா?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "சரி, வரும்போது? வாய்க்கால் வலது பக்கம் வந்துடுமே" என்றார்.

"திருப்பாதீங்க. பின்னாலயே வாங்க."

அங்கேயே ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைக் கழற்றி வளையத்தை எடுத்தோம். ஏஜெண்ட் குடையை மடக்கிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார். கல்லுக்குள் இப்போது அரைச் சாண் மிச்சம் இருந்தது. என் வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். வலது டயர் கல்லை மூன்று விரல் விட்டுக் கடந்தது. சாட்சிகள் எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். நான் இடது சக்கரத்து போல்ட்டுகளையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். சாய்ந்த இடம் வந்தபோது இடது டயருக்குக் கீழே மண் பிதுங்கியது. டிராக்டர் லேசாகக் குனிந்து, அப்படியே நின்று, மேலே போயிற்று. மறுபடியும் எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இந்த மனுஷனுக்குப் பயமே கிடையாது என்று நினைத்து எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

வயல் முழுக்க உழுதார். ஏஜெண்ட் போகவில்லை, திரும்பி வரும்போது கல்லில் படாதா என்று காத்திருந்தார்.

சாயங்காலம் டிராக்டர் பின்பக்கமாகவே கரை ஏறியது. வழி காட்ட நான் அது வருகிற திசையில் முன்னால் போக வேண்டியிருந்தது. டிராக்டரைப் பார்த்தபடி, அடி மேல் அடி வைத்துப் பின்னோக்கியே நடந்தேன். அவர் இருக்கையில் உடம்பைத் திருப்பி என்னையே பார்த்து ஓட்டிவந்தார். சாய்ந்த இடத்துக்கு வந்தோம். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தது. கீழுதட்டைக் கடித்திருந்தார். பயம் என்று காலையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாதவர்.

கை மட்டும் காட்டினேன். வாங்க, வாங்க. அவர் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல் வந்தது. உரசாமல் தாண்டியது. ஏஜெண்ட் குனிந்து கல்லை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

எஞ்சின் நின்றதும் கேட்டேன், "பயந்துட்டீங்களா?"

"போன வருஷமும் பயந்தான் இருந்துச்சு. சாயப்போவுதுன்னு முன்னாடியே தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீதான் பின்னால வந்துகிட்டு இருந்தியே. யாரப் பாத்துச் சொல்றது?" என்றார்.

நடவு முடிந்தது. அந்த நிலத்தில் எங்கள் பயிர்தான் நின்றது. அதன் பிறகு உழவுக்குப் போகும்போது கஞ்சித் தூக்கோடு நான் பின்னால் போனதே இல்லை. அவர் பார்க்கிற மாதிரி முன்னால்தான் நடந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.