பதறும்போது கேட்காத செயலி

போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களில் போன் பேசும் அளவுக்குச் சிக்னல் எட்டாது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ போய்விடும். அதனால், ஆபத்தென்று வாயால் சொன்னாலே அதை எழுத்தாக்கி ஜீப்பு டிரைவருக்கு அனுப்பும் செயலி ஒன்றை உருவாக்கினேன். அதைப் பழக்குவதற்கு, தோட்டத்துப் பெண்களின் குரல்களைச் சாப்பாட்டு நேரத்தில் பதிவு செய்தேன். சரிவேறி வந்து மூச்சு வாங்கப் பேசியதையெல்லாம் அழித்துவிட்டு, நிதானமாகத் திரும்பப் பேசவைத்தேன்.

"சினிமாவுக்கா எடுக்குற, இம்புட்டுத் திருத்துற?" என்று கேலி செய்தார் அவர்களில் ஒருவரான செல்வி அக்கா.

மறுவாரம் நானும் தோட்டத்தில் இருந்தபோது, காய் எடுத்துக்கொண்டிருந்த அவருடைய தங்கையைக் குளவிகள் கொட்டிவிட்டன. முகம் வீங்கி மூச்சுத் திணறியது. அக்கா போனை எடுத்துக் கத்தினார். "புரியவில்லை, மீண்டும் சொல்லவும்" என்றது செயலி. மூன்று முறையும் அதேதான். நான் வாங்கிப் பேசினேன். என் குரல் நடுங்கியது. அதை உருவாக்கிய என்னையும் அதற்குப் புரியவில்லை.

"அதைத் தூக்கிப் போடு தாயி. வெரசா ரோட்டுக்கு ஓடு" என்றார் அக்கா.

ஓடினேன். வளைவில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பைக் கூட்டி வந்தேன். தங்கை பிழைத்துக்கொண்டார்.

போடி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். "நான் கத்துனது எனக்கே வேத்தாள் கொரலு மாதிரி இருந்துச்சு. அதுக்கு எங்கிட்டுத் தெரியும், விடு" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால், உதவி கேட்கும் குரல் எப்படி இருக்கும் என்று செயலி தெரிந்துகொள்ளக் கிடைத்த வாய்ப்பை, மூச்சு வாங்கப் பேசிய அந்தப் பதிவுகளை, சுத்தமில்லை என்று நானே அழித்திருந்தேன். அந்த உறுத்தல் இன்னும் தீரவில்லை.