அம்மாவின் படம் வந்த இங்கிலீஷ் பேப்பர்

பேப்பரில் அடிபடும் ஆட்களையும் சம்பவங்களையும் வர்ணிக்கிற இங்கிலீஷ் சொற்களுக்கென்றே அப்பா எனக்குத் தனி நோட்டு போட்டுக் கொடுத்திருந்தார். இடது பக்கம் நல்ல பேர் எடுத்தவர்களுக்கு: ஃபேமஸ், எமினென்ட், ரினவுண்ட். வலது பக்கம் கெட்ட பேருக்கு: நொடோரியஸ், இன்ஃபேமஸ், அன்ரூலி. அர்த்தம் தப்பினால் குட்டு, சரியாகச் சொன்னால் வெரி குட். பாரிமுனையில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு இங்கிலீஷ் என்று வந்துவிட்டால் தாட்சண்யமே கிடையாது. எனக்குப் பத்து வயது. தெரிந்தது கைப்பிடி, கர்வம் கூடை நிறைய.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. இரும்புலியூருக்குப் பத்து நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. அம்மாவும் தெருப் பெண்களும் காலிக் குடங்களோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தாம்பரம் வரைக்கும் பஸ் நின்றது. சாயங்காலமே லாரி வந்தது. மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில், குடத்தைத் தலைக்குமேல் தூக்கியபடி அம்மாவின் படமும் வந்தது.

அப்பா ஆபீஸிலிருந்து பேப்பரோடு வருவதற்குள் அத்தனை பெண்களும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பியவள்போல் பூ வைத்திருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. பேப்பர் என்பது அதுவரை அவளுக்கு அலமாரித் தட்டில் விரிக்கிற சமாச்சாரம்தான்.

"இன்னா போட்டுகீதுன்னு படிச்சு சொல்லுங்க" என்றாள்.

அப்பா விரித்துப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீரப் பெண்மணிகளால ஊருக்குத் தண்ணி வந்துச்சுன்னு போட்டிருக்கான்."

"பாத்தியாக்கா, வெயில்ல குந்திகினு இருந்ததுக்கு இன்னா மரியாதையா எழுதிகீறான்!" என்று எதிர்வீட்டுக்காரி அம்மாவின் தோளைத் தட்டினாள். அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான் அப்பாவின் கைக்குக் கீழே தலையை நுழைத்துப் படத்தின் அடியில் இருந்ததைப் படித்தேன்.

"தப்புப்பா! அன்ரூலின்னு போட்டிருக்கு. அப்படின்னா அடங்காத கூட்டம். வலது பக்கத்து வார்த்தை!"

இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. அப்போதோ, வெரி குட் வரும் என்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரை மடித்து அக்குளில் செருகிக்கொண்டு கால் கழுவப் போய்விட்டார். பெண்கள் ஒவ்வொருவருக்கும் அடுப்பு ஞாபகம் வந்தது.

அம்மா மட்டும் என் தலையைத் தடவினாள். "கரீட்டாதான் படிக்கிறடி, கண்ணு."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அப்பாவே தப்பாகப் படித்த ஒரு வார்த்தையை நான் சரியாகப் படித்துவிட்டேன் என்று அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.