சன்னல் இல்லாத மண்டபம்

1986 பனிக்காலத்தில், சூரிச்சுக்கு அகதிகளாக வந்த எங்களை நிலத்துக்குக் கீழே ஒரு பங்கரில் தங்கவைத்திருந்தார்கள். அகதிகளுக்கு ஓபரா என்ற இசைநாடகம் காட்டினால் புண்ணியம் என்று நினைத்தோ என்னவோ, தேவாலயத்து அம்மா ஒருவர் எங்களைச் சூரிச் ஓபரா மாளிகைக்கு அழைத்துப் போனார்.

தங்கப்பூச்சு, சிவப்பு வெல்வெட், கூரையில் பறக்கும் தேவதைகள். அண்ணாந்து பார்த்தே கழுத்து நொந்துவிட்டது. குலவீரசிங்கம் அண்ணை மட்டும் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் லொறி ஓட்டியவர். இராணுவம் பிடித்து ஒரு வருடம் இருட்டறையில் போட்டிருந்தது.

"என்ன அண்ணை தேடுறியள்?"

"சன்னலடா. ஒண்டையும் காணேல்லை."

கதவுகளைச் சாத்தினார்கள். விளக்குகள் அணைந்தன. அண்ணை இருக்கைக்கடியில் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு விம்மினார்.

இசை அவரை உருக்கிவிட்டதாம். அந்த அம்மா போகுமிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இசை அப்போது தொடங்கவேயில்லை.