பாதியில் நின்ற முள்

லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் அவருக்குக் ‘கரண்டு’ என்று பெயர் வைத்தது வேலைக்காக மட்டும் இல்லை, கோபத்துக்கும் சேர்த்துத்தான். பல வருடம் துருப்பிடித்துக் கிடந்த பழைய லாரிக்கு அவர் புது வயர் இழுத்தார். டீசல் பம்பைத் தங்கை புருஷன் சரிசெய்தார். முதல் ஓட்டத்திலேயே வண்டி நடுரோட்டில் இருமி நின்றது.

“பாதி டேங்க் இருக்குன்னு முள்ளு காட்டுது, இன்ஜினுக்கு டீசல் வரல. பம்பு பாத்த லட்சணம் இதுதானா மாப்ளே?” கரண்டு ரோடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

மாப்பிள்ளை வெயிலில் பம்பைக் கழற்றி மாட்டினார். பிரயோஜனமில்லை. கடைசியில் டேங்க்குக்குள் குச்சி விட்டு எடுத்தார். நுனிகூட நனையவில்லை. கரண்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த முள்ளுக்கு வயர் கொடுத்ததே அவர்தான்.

அதற்குள் லாரி முதலாளியின் கார் வந்து நின்றது. “என்னய்யா கோளாறு?”

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “பம்புல காத்து புடிச்சிடுச்சுங்க. தப்பு என்னுதுதான்.”

“சொந்தக்காரன்னு சேத்துக்கிட்டா இப்படித்தான். இனிமே இவரைக் கூப்பிடாத கரண்டு.”

“சரிங்க,” என்று தலையாட்டினார் கரண்டு.

கார் போனதும் மாப்பிள்ளை காலி கேனை எடுத்தார். “நீங்க நெழல்ல நில்லுங்க மச்சான். நான் டீசல் வாங்கிட்டு வந்துடறேன்.”